விடுமுறை நாளில் மீட்டர் வாசிப்பவள்

ஒன்பது வருடமாக இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும்
எண்களாக.
கறுப்பில் கன மீட்டர், சிவப்பில் லிட்டர்.
கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்தால்
துடைத்துப் பயனில்லை,
டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
தியேகோ நகரில் எட்டு வார்டுகள் என்னுடையவை.
நாய்கள் என்னை அறியும்.

அது எங்கிருந்து வருகிறதென்று போய்ப் பார்த்ததில்லை.
மலை தெரியும். தெற்கே,
எந்நேரமும் தலையில் மேகத்தைப் போட்டுக்கொண்டு.
கீழே எங்களுக்கு ஏழு மாதம்
காற்றும் புழுதியும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு.
மூன்று நாளாகக் குழாயில் காற்றுதான் வந்தது.
காற்றுக்கும் மீட்டர் சுழலும்,
அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.
ழோஃப்ரவில் வரை டாக்ஸியில் பதினோரு பேர்,
இரண்டு மூட்டை கரி,
என் மடியில் யாருடையதோ ஒரு வாத்து.

பூங்கா வாசலில் சீட்டுக் கிழித்தார்கள்.
வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்களாம்.
வந்தவன் பெயர் ஜாவுதும்பு.
தேன் கொண்டுவந்தீர்களா? இல்லை.
சில்லறை? இருக்கிறது.
பையில் பன்றி இறைச்சி? ஐயோ, இல்லை.
பிறகு என் முகத்தை
ஒரு தரம் கூடுதலாகப் பார்த்தான்.

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றது,
யாரோ கதவைச் சாத்தியதுபோல்.
மரங்களின் இடுப்பில் குந்தியிருந்த பெரணிகள்
மழையில்லாமலே சொட்டின.
சருகின்மேல் இருந்த பச்சோந்தியைக் காட்டினான்,
என் சுண்டுவிரல் நகம் அதற்கு ஒரு மைதானம்.
விரலை மடக்கி, முட்டியால் காட்டினான்.
நீட்டிய விரலால் இங்கே எதையும் சுட்டக் கூடாது.
நானோ விரல் நீட்டியே பிழைப்பவள்:
இந்த வீடு, அந்த வீடு,
அதோ, அது பாக்கி.

அருவி முதலில் முழங்காலுக்குக் கேட்டது.
அப்புறம்தான் காதுக்கு.
பாதை திரும்பியது, அவ்வளவுதான்,
எவ்வளவு உயரம் என்று கேட்கத் திறந்த வாய்
திறந்தபடியே நனைந்தது.

புத்தி தன் வேலையைப் பார்த்தது:
நொடிக்கு எத்தனை வாளி,
வாளிக்கு எத்தனை அரியாரி.
ஒரு தெருவின் ஒரு வருடக் கணக்கு
நான் இமைப்பதற்குள் விழுந்து முடிந்தது,
அடுத்த தெரு விழுந்தது,
அதற்கடுத்தது.
எண்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
இங்கே தண்ணீர் பட்டு
எண்கள் என்ன பாடுபட்டன!

அப்போது அவன் சொன்னான்:
"தகரப் பட்டறைக்குப் பின்னால், நீலக் கதவு.
ஈஸ்டருக்கு முந்தைய வாரம்.
மீட்டரைக் கழற்றியது நீங்கள்தான்."

அந்த இரைச்சலில் கத்தித்தான் சொல்ல முடியும்.
அதனால் அது கோபமா என்று
எனக்குத் தெரியவில்லை.

வீடு நினைவில்லை. எண் இருந்தது.
நானூற்றுப் பதினேழு. அதற்குமேல் ஓடவில்லை.
"தங்கை சுமக்கிறாள்," என்றான்,
"மஞ்சள் கேன், இருபது லிட்டர்,
ஒரு நாளுக்கு நான்கு நடை."
உத்தரவு என்ற சொல்
என் பல் வரை வந்து
தானாகத் திரும்பிப் போனது.

பையிலிருந்து இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்தான்.
உள்ளே தேன்.
"வெறுங்கையோடு நிற்காதீர்கள்."
சாய்த்தேன்.
"போதும், போதும், ஒரு மூடிதான் அளவு!"
என்று பதறிப் பாட்டிலைப் பிடுங்கினான்.
வேர்களுக்கு இடையே
பழைய நாணயங்கள் பச்சை பூத்துக் கிடந்தன.
என்னுடையதைப் போட்டேன்.
எவ்வளவு என்று பார்க்கவில்லை,
பார்த்தேன், எழுநூறு.

இறங்கும்போது அவன் எலுமூர்கள் பற்றிப் பேசினான்,
எல்லா வழிகாட்டிகளும் பேசுவதைப் போல.
வாசலில் கூலியை எண்ணி வாங்கி
நன்றாக இரண்டாம் முறையும் எண்ணினான்.
தேனுக்குத் தனியாக ஐநூறு கேட்டான்.
கொடுத்தேன்.

நீலக் கதவு ஐந்தாவது வார்டு.
அங்கே எனக்கு வியாழக்கிழமைதான் வேலை.

இன்று திங்கள். முதல் வீடு.
கண்ணாடியில் ஆவி.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து,
இதோ பாருங்கள் உங்கள் கணக்கு என்று
எண்ணைக் காட்டினேன்.
வீட்டுக்காரி எண்ணைப் பார்க்கவில்லை.
"விரலுக்கு என்னாச்சு,
ஏன் மடங்கியே இருக்கு?" என்றாள்.